இணைப்புகள் பத்திரமாக உள்ளன

தன் தம்பிக்குத் தான் அக்கா என்று எழுதிய ஒரு தாள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அது அரை நாள் வேலை என்றுதான் தையல்காரி நினைத்தாள். காலையில் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நாற்பது பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் வைக்கவேண்டிய வேலை மெஷின் மேல் கிடந்தது.

தம்பியின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் எந்திரம் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்து கொடுத்தது. அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்து, அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று. இருபத்தாறு நாள் இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து. எட்டு மாதம் தாங்குவானா என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதுதான் அவர் பதில். சட்டப்படி சொந்தக்காரர்கள்தான் கொடுக்கலாம். சொந்தமா இல்லையா என்பதை உறவுப் பதிவகம் சொல்லவேண்டும்.

"எங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?" என்று தம்பி கவுன்டரில் கேட்டான். இருவருக்கும் ஒரே மூக்கு, நுனியில் லேசாக இடப்பக்கம் திரும்பியது. கவுன்டர் பெண் இரண்டு மூக்கையும் பொறுமையாகப் பார்த்தாள். மூக்கில் முத்திரை இல்லை என்றாள்.

உறவுப் பதிவகம் நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. ஏழு மாதமாகத் தொங்குகிறது என்பது தையல்காரிக்குத் தெரியும். அந்த லிஃப்டைப் பழுது பார்க்கிறவன் அவள் தம்பிதான். அவனே பழுதாகிக் கிடந்தான்.

தரைத்தளத்தில் கோப்பறை. அங்கிருந்த கோப்பறைக்காரர் ஒல்லியான மனிதர். அவருடைய பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்தார். இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்தால் போதும் என்று அவள் கண் தானாக அளந்தது. ஒற்றைக் கையாலேயே அவர் ஒரே நிமிஷத்தில் அவளுடைய அட்டையையும், அடுத்த நிமிஷத்தில் தம்பியுடைய அட்டையையும் உருவிப் போட்டார். இரண்டு அட்டையின் ஓரத்திலும் ஒரு துளை. துளையில் ஒரு முடிச்சு. முடிச்சிலிருந்து நகக்கண் அளவுக்குச் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் சொந்தக்காரர்களின் அட்டைகளை நூலால் இணைத்து வைப்பது பதிவகத்தின் வழக்கமாம். ஒன்றைப் பிடித்து இழுத்தால் குடும்பமே வெளியே வந்து விழும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. இணைப்புகளை இனி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பதால் நூல்களை வெட்டிவிட்டார்கள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தாம்மா. வெட்டி முடிக்க மூணு மாசம் ஆச்சு. ஆளுக்கொரு கத்தரிக்கோல் குடுத்தாங்க." அவர் மூலையைக் காட்டினார். பதினாலு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் 'இணைப்புகள்' என்று எழுதி அரக்கு முத்திரை வைத்திருந்தது. "ஒண்ணுகூடத் தொலையலை. வருஷா வருஷம் எடை போட்டுப் பாத்துடறோம்."

அப்படியானால் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள் அவள். கோப்பறைக்காரர் பேன்டைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அதில் ஒரு சின்ன விஷயம் பாக்கியிருக்கிறது என்றார். கம்ப்யூட்டரில் எப்படி வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் எக்ஸ்எம்எல் முறையில் வைக்கவேண்டும் என்கிறது மூன்றாம் மாடி. வரிசையும் கட்டமுமாக டேபிள் போட்டு டேட்டாபேஸில் வைக்கவேண்டும் என்கிறது நாலாம் மாடி. இரண்டு மாடியும் தனித்தனியே வேலையைத் தொடங்கிவிட்டன.

"நீங்க ரெண்டையும் ஏறிப் பாத்துடுங்க. எந்த மாடி உங்கள அக்காங்குதோ, அங்கயே வாங்கிக்கிட்டு நடையக் கட்டுங்க."

மூன்றாம் மாடியில் அதிகாரியின் அறைக்குப் போக ஏழு கதவுகள், ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொரு கதவிலும் ஓர் ஊழியர். முதல் கதவிலேயே விதிமுறையைச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். இங்கே எதையும் தொடங்கினால் முடிக்கவேண்டும். பேச வாய் திறந்தால் 'கேள்வி தொடக்கம்' என்று சொல்லவேண்டும். பேசி முடித்ததும் 'கேள்வி முடிவு' என்று சொல்லவேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூடவேண்டும். கதவுக்கும் அதே சட்டம்தான், பேச்சுக்கும் அதே சட்டம்தான்.

எக்ஸ்எம்எல் அதிகாரி வட்ட முகமும் குளிர்ந்த குரலும் உள்ளவர். அவள் உட்கார்ந்து, "கேள்வி தொடக்கம்" என்றாள். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. "என் தம்பிக்கு நான்… கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?"

அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வியைத் திறந்துவிட்டாளே. இனி உள்ளே திறந்ததை மூடாமல் வெளியே திறந்ததைத் தொட முடியாது. தண்ணீர் வரவேண்டும், வந்து, குடித்து, முடிவு சொன்ன பிறகுதான் தம்பி. தண்ணீர் ஏழு கதவு தாண்டி வரவேண்டியிருந்தது. ஒவ்வொரு கதவிலும் அதைத் தொடங்கி முடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவளுக்குத் தாகம் போய்விட்டது. ஆனாலும் மடக்மடக்கென்று குடித்தாள்.

மூடாமலே விட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள், முறைப்படித் தொடங்கி முறைப்படி முடித்து. அதிகாரியின் முகம் வெளுத்தது. ஒன்றே ஒன்று மூடாமல் கிடந்தாலும் மொத்த ஆவணமும் செல்லாது என்றார். ஒருமுறை ஒரு குமாஸ்தா ஒரு கடிதத்தில் 'வணக்கம் தொடக்கம்' என்று எழுதிவிட்டு, அன்று மாலையே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து அந்த வணக்கத்தை முடிக்கவைக்க இரண்டு வருஷம் பிடித்தது. அதுவரை ஒரு கோப்பும் நகரவில்லை.

பிறகு அவளுடைய விஷயத்துக்கு வந்தார்.

"விளக்கம் தொடக்கம். உலகமே பெட்டிக்குள்ள பெட்டிம்மா. வீட்டுக்குள்ள ஆளு, ஆளுக்குள்ள புள்ளைங்க, அப்படி. வெளிப்பெட்டி ஒண்ணுதான் இருக்க முடியும். உங்க அப்பா அம்மா இல்ல. நாங்க உயிரோட இருக்கறவங்களத்தான் ஏத்தறோம். அப்ப வெளிப்பெட்டி நீங்க. தம்பி உங்களுக்குள்ள வர்றாரு."

"எனக்குள்ளயா?"

"அதாவது, நீங்க அவருக்கு அம்மா. விளக்கம் முடிவு."

அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாதா என்று அவள் கேட்டாள். நிற்கலாம், ஆனால் அவர்களைச் சுற்றி ஒரு பெட்டி வேண்டும். ஆள் இல்லாத பெட்டிக்கு அனுமதி இல்லை என்றார். தனக்கும் தம்பிக்கும் மூணு வயசுதான் வித்தியாசம் என்றாள். அதிகாரி இரக்கத்தோடு சிரித்தார்.

"வயசெல்லாம் நாலாவது மாடி பாக்கற விஷயம். நாங்க அமைப்ப மட்டும்தான் பாப்போம். அமைப்பு சரியா இருந்தா உள்ள என்ன வேணா இருக்கலாம்."

"அப்ப எங்க அம்மா எனக்கு யாரு?" என்று அவள் வாயில் வந்துவிட்டது.

"தொடங்கிட்டீங்களா?" என்றார் அதிகாரி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஏழு கதவையும் வரிசை மாறாமல் மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

நாலாம் மாடியில் கதவே இல்லை. தரை முழுக்கக் கட்டம் போட்டிருந்தது, கட்டத்துக்கு ஒரு ஆள். எந்தத் தகவலும் ஒரே இடத்தில்தான் இருக்கலாம், இரண்டாவது இடத்தில் அதன் எண் மட்டும் இருக்கலாம் என்பது இந்த மாடியின் சட்டம். அதனால் மாடிக்கே ஒரு கடிகாரம்தான். மற்றச் சுவர்களில் அந்தக் கடிகாரத்தின் எண்ணை ஒட்டியிருந்தார்கள். மணி பார்க்கவேண்டும் என்றால் நடந்து போகவேண்டும். யாரும் அவளை வரவேற்கவில்லை. வரவேற்பு வாசலில் ஒரு பதிவேட்டில் இருந்தது, அவள் அதைக் கவனிக்காமல் வந்துவிட்டாள். பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது டேபிள் அதிகாரி, கண்ணாடி போட்ட பெண்மணி, கையை உயர்த்தித் தடுத்தார்.

"கீழ சொல்லிட்டீங்கல்ல? மறுபடி சொன்னா ரெண்டு ஆளாயிடுவீங்க."

தம்பிக்கு அம்மா என்று மூன்றாம் மாடியில் சொல்கிறார்கள் என்று அவள் முறையிட்டாள். டேபிள் அதிகாரிக்குக் கோபமே வந்துவிட்டது.

"அது காட்டுமிராண்டித்தனம்மா. மனுஷன மனுஷனுக்குள்ள வெக்கறது. இங்க வாங்க, எல்லாரும் ஒரே மாதிரி. ஆளுக்கொரு வரிசை, ஆளுக்கொரு நம்பர். யாரும் யாருக்கும் மேலயும் இல்ல, கீழயும் இல்ல. சொல்லப்போனா யாரும் யாருக்கும் எதுவுமே இல்ல. பாக்கவே எவ்வளவு சுத்தமா இருக்கு."

திரையில் அவளுடைய வரிசையும் தம்பியுடைய வரிசையும் வந்தன. அம்மாவின் எண் என்ற கட்டம் இரண்டிலும் காலி. எண் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவும் அப்படித்தான். இரண்டு பேருடைய அம்மா எண்ணும் ஒன்றா என்று அதிகாரி கம்ப்யூட்டரைக் கேட்டார். இல்லை என்றது.

"ரெண்டும் காலியாத்தானே இருக்கு?" என்றாள் தையல்காரி. "ஒரே காலிதானே?"

"காலியும் காலியும் சமம் ஆகாதும்மா. தெரியாததும் தெரியாததும் எப்படி ஒண்ணாகும்? உங்க காலி வேற, அவரு காலி வேற."

அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அம்மா இறந்த அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பதினாலு, அவனுக்குப் பதினொன்று. ஓடிவந்ததில் அவன் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டிருந்தான். செருப்பில்லாத காலைத் தன் செருப்பின் மேல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். யாரோ வந்து கூப்பிடும்வரை அப்படியே இருந்தார்கள். இரண்டு காலிகள் அங்கே இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"அப்ப நான் அக்கா இல்லையா?"

"இல்லைன்னு யாரு சொன்னா? ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. தெரியலைன்னு வருது." அதிகாரி பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினார். "மூணாவது மாடியில இவ்வளவு நேர்மையா ஒரு பதில் கிடைக்குமா?"

அதற்குப் பிறகு நாள்கள் படிக்கட்டிலேயே கழிந்தன. வயது வித்தியாசத்துக்கு நாலாம் மாடி ஒரு சீட்டுக் கொடுத்தது. மூன்றாம் மாடி அதைத் திறக்க இடமில்லை என்றது. ஆள் இல்லாத பெட்டிக்கு மேலிடத்தில் அனுமதி கேட்டது மூன்றாம் மாடி. மேலிடம் என்பது நாலாம் மாடியாக இருந்தது. பட்டன் வைக்காமலே வாங்கிப்போன சீருடைகளோடு நாற்பது பிள்ளைகள் எங்கோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் தம்பி வீங்கிய காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, அன்றன்றைய கதையைக் கேட்டுச் சிரித்தான். சிரிப்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. தம்பியின் மனைவி சிரிக்கவில்லை. அவளும் நாத்தனாரும் ஒரே சமையலறையில் ஆறு வருஷமாகப் புழங்குகிறார்கள்; பேச்சு அளவோடுதான். ஒரு நாள் மட்டும் அவள் தையல்காரியின் செருப்பை எடுத்து, தேய்ந்த குதிகாலைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தன் செருப்பை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அறுவைக்கு மூன்று நாள் இருந்தபோது பதிவாளரே இரண்டு மாடியையும் கூட்டி இறுதி முடிவு எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. தையல்காரியை மாதிரிப் பயனாளி என்று முன்வரிசையில் உட்காரவைத்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். எக்ஸ்எம்எல் ஆட்கள் தொடங்கி முடித்தார்கள். டேபிள் ஆட்கள் போன வருஷம் பேசியதன் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு பதிவாளர் எழுந்தார்.

"பதினோரு வருஷமா ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டேன். ரெண்டு பக்கமும் சரி. அதனால ரெண்டையும் வெச்சுக்கலாம். ஒரே ஒரு டேபிள். அதுல ஒரு வரிசை, ஒரு கட்டம். அந்த ஒரு கட்டத்துக்குள்ள எக்ஸ்எம்எல் மொத்தத்தையும் போட்டுடுவோம். அந்த எக்ஸ்எம்எல்லோட கடைசிப் பெட்டிக்குள்ள மிச்ச டேபிளெல்லாம் இருக்கும். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பதினோரு வருஷத்துல நாம ஒரு இணைப்பக்கூட இழக்கல. எல்லாம் மூட்டையில பத்திரமா இருக்கு" என்றார். அதற்கும் தட்டினார்கள்.

தன் தாள் என்ன ஆயிற்று என்று தையல்காரி எழுந்து கேட்டாள். பதிவாளர் அவளைக் கனிவோடு பார்த்தார்.

"உறவுங்கறது ஜனங்க மனசுல இருக்கற விஷயம்மா. அதை நாங்க எப்படித் தர முடியும்? அதை வெக்கற பாத்திரத்தத் தேர்ந்தெடுக்கறதுதான் எங்க வேலை."

அவள் கழுத்து அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். நேரே மூன்றாம் மாடிக்குப் போனாள். ஏழு கதவு தாண்டி அதிகாரி முன்னால் நின்றாள்.  மாடிப்படியில் தன் செருப்பின் மேல் இருந்த அந்தச் சின்னக் காலைப் பற்றி நினைத்திருக்கலாம். அன்றைக்கு அவனுக்கு அக்கா மட்டும்தான் இருந்தாள். அதற்குப் பிறகு சோறு போட்டதும் பள்ளிக்கூடம் அனுப்பியதும் யார் என்று பார்த்தால், இந்த மடையர்கள் எழுதப்போவது முழுப் பொய்யும் இல்லை.

"கேள்வி தொடக்கம். அம்மான்னே குடுத்துடுங்க. கேள்வி முடிவு."

பத்து நிமிஷத்தில் தாள் வந்தது. முத்திரை பளிச்சென்று இருந்தது.

வீட்டில் தம்பியின் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். "நாத்தனாரா இருந்தப்பவே சமாளிக்க முடியல. இனிமே மாமியாரா?" என்றாள். அந்த வீட்டில் அவள் அடித்த முதல் ஜோக் அதுதான். தம்பி, "அம்மா, பசிக்குது" என்று குரல் கொடுத்தான். தையல்காரி கையில் இருந்த அளவு நாடாவை அவன் மேல் எறிந்தாள்.

ஆஸ்பத்திரிக் கவுன்டர் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அம்மாவா? நல்லதாப் போச்சு. போன வாரம் வந்த விதிப்படி அக்கான்னா ஒரு கமிட்டி பாக்கணும், ரெண்டு மாசம் ஆகும். அம்மான்னா நேரா கையெழுத்துதான்." அம்மாவின் வயது நாற்பத்தொன்று, மகனின் வயது முப்பத்தெட்டு என்பதை அவள் தன் கையாலேயே எழுதினாள்.

சிறுநீரகம் அக்காவிடமிருந்து தம்பிக்குப் போயிற்று. புது இடம் என்று அது யோசிக்கவில்லை. அறுவை மேஜையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். ஏழு மாதமாகச் சொட்டுச் சிறுநீர்கூடப் போகாதவன், இப்போது கொட்டினான். வீட்டுக்கு வந்த பிறகு அவன் குளியலறைக்குள் போனால், வெளியே இரண்டு பெண்களும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே வரும்போது அவன் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி கையைத் தூக்கிக் காட்டுவான்.

நாலு மாதம் கழித்து மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தம்பி அதை உரக்கப் படித்தான். மேற்படி நபர் தன் மகனைவிட மூன்று வயது மட்டுமே மூத்தவர் என்று தணிக்கையில் தெரியவந்துள்ளது. 'அம்மா' என்ற பதிவை மூடிவிட்டு வேறு பதிவு திறக்கப் பதிவகம் தயாராக உள்ளது. ஆனால் அந்தப் பதிவுக்குள் 'சிறுநீரகம், இடது, ஒன்று' என்ற உட்பதிவு திறக்கப்பட்டுள்ளது. கடைசியாகத் திறந்ததை முதலில் மூடவேண்டும் என்பது விதி. ஆகவே மேற்படி உறுப்பை உரிய நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்கான சான்றை இணைக்கவும்.

தம்பி தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் மனைவி கடிதத்தை வாங்கிக் கசக்கப் போனாள். தையல்காரி தடுத்து, ஒரு தாள் எடுத்து உட்கார்ந்தாள். முதல் வரியில் 'பதில் தொடக்கம்' என்று எழுதினாள். இரண்டாம் வரியில் 'தர முடியாது' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே எழுதவேண்டிய வரி என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பேனாவை மூடி வைத்தாள். முடிச்சுப் போடாமல் அவள் நூலை விட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது வாரம் கோப்பறைக்காரர் வந்தார். பேன்டை இடுப்பில் பிடித்துத் தரவேண்டும் என்றார். நேற்று இரண்டு கையும் தேவைப்பட்டுவிட்டதாம், எதற்கென்று சொல்லவில்லை. அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு முட்டி போட்டு அளந்தாள். அவர் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். மூன்றாம் மாடியில் ஒரு கோப்பும் நகரவில்லை. ஏழு கதவும் திறந்து கிடக்கின்றன. மூட முடியாது, ஏனென்றால் அவற்றுக்கெல்லாம் பிறகு திறந்த ஒன்று இன்னும் மூடவில்லை. நாலாம் மாடி முதல் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு, புது முடிவின்படி தாங்களும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறோம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பதிவாளருக்குப் போன வெள்ளிக்கிழமை ஓய்வு. வழியனுப்பு விழாவில் பேசத் தொடங்கியவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

"பதில் முடிவுன்னு ஒரு வரிம்மா. ஒரே வரி. நானே தாள் கொண்டுவந்திருக்கேன்."

தையல்காரி குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து இடுப்புத் துணியில் குத்தினாள்.  அடுப்படியில் தம்பியின் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. உள்ளே குளியலறைக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சத்தம் வந்தது, கனமாக, அவசரமில்லாமல், நீண்டுகொண்டே. கோப்பறைக்காரருக்கு என்னவென்று புரியவில்லை. ஆனாலும் இரண்டு பெண்களும் அப்படி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பதைப் பார்த்து அவரும் தாளை நீட்டியபடி அசையாமல் நின்றார்.

சத்தம் ஓய்ந்தது.

"கேட்டீங்கல்ல?" என்றாள் தையல்காரி, கடைசிக் குண்டூசியைக் குத்தியபடி. "என் பதில் அதான். பெட்டியில வெப்பீங்களோ, டேபிள்ல வெப்பீங்களோ, மேல போய்க் கேட்டுக்குங்க. அடுத்த வாரம் தம்பிய வந்து லிஃப்ட சரிபண்ணித் தரச் சொல்றேன்."